ரோபோவின் கேமரா தூரத்தைத் தவறாகக் காட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா 2 மீட்டர் என்கிறது, தரையில் விரித்த டேப் 1.8 என்கிறது. இந்த நேரத்தில் நிரலைத் திறந்து எங்காவது 0.9 என்று ஒரு பெருக்கலைச் செருகத்தான் கை துடிக்கும். செருகாதீர்கள். தவறு எவ்வளவு என்பதைவிட, தூரம் கூடக்கூட அந்தத் தவறு எப்படி மாறுகிறது என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தின் மேல் நிற்பவை.

எங்கிருந்து தொடங்குவது?

ரோபோவை அசையாமல் நிறுத்துங்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். இலக்கை 0.5, 1, 1.5, 2, 3, 4 மீட்டரில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நூறு அளவுகள் எடுத்து, நடு மதிப்பையும், ஆகக் குறைந்ததையும் கூடியதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் டேப் சொல்லும் தூரம், அதற்குப் பக்கத்தில் வித்தியாசம். அரை மணி நேர வேலை. நாள்கணக்கில் நிரலைக் கிளறுவதை இது மிச்சப்படுத்தும்.

இப்போது வித்தியாசத்தின் வரிசையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே 12 செ.மீ. என்றால், அளவு தொடங்கும் புள்ளியில் குழப்பம். எல்லா இடத்திலும் ஒரே 5 சதவீதம் என்றால், ஏதோ ஒரு நீளம் தப்பாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது: இலக்கின் அளவு, குவியத்தூரம் (லென்ஸ் ஒரு பொருளைப் படத்தில் எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்), இரு லென்ஸுக்கு இடையிலான தூரம், இவற்றில் ஒன்று. கிட்டத்தில் சரி, தள்ளிப் போகப் போகத் தவறு பூதாகரமாக வளர்கிறது என்றால் ஸ்டீரியோ (இரு லென்ஸ்) கேமரா தன் இரு படங்களைப் பொருத்தும் விதத்தையோ கேமராவின் சாய்வுக் கோணத்தையோ சந்தேகப்படுங்கள். படத்தின் நடுவில் சரி, ஓரத்தில் தவறு என்றால் லென்ஸ் வளைவு, அதாவது நேர்கோட்டை லென்ஸ் வளைத்துக் காட்டுவது. நின்றால் சரி, ஓடினால் தவறு என்றால் தாமதம்.

எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டுகிறது. ஏன்?

நீங்கள் டேப்பை முன் பம்பரிலிருந்து பிடிக்கிறீர்கள், கேமரா தன் லென்ஸிலிருந்து அளக்கிறது. பத்தில் எட்டுத் தடவை கதை இவ்வளவுதான். ரோபோவின் நடுப்புள்ளி, பம்பர், கேமரா ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள நீளங்களை ஒருமுறை அளந்து, நிரலில் பெயரோடு தனி மாறிலிகளாக வையுங்கள்.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். டெப்த் கேமராக்கள் (ஒவ்வொரு பிக்சலுக்கும் தூரம் சொல்பவை) பொதுவாகத் தருவது லென்ஸின் நேர்க்கோட்டில் முன்னோக்கிய ஆழம், இலக்கு வரை கயிறு கட்டினால் வரும் தூரம் அல்ல. இலக்கு நேர் எதிரே இருந்தால் இரண்டும் ஒன்றே. 30 பாகை பக்கவாட்டில் இருந்தால், ஆழம் 2.00 மீட்டர் என்று வரும்போது கயிற்றுத் தூரம் 2.31 மீட்டர். கேமரா பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்வி வேறு. எதை ஒப்பிடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் தப்புகிறது. ஏப்ரல்டேக் (கேமரா அடையாளம் காண அச்சிட்டு ஒட்டும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி) பயன்படுத்துகிறேன்.

ஸ்கேலை எடுத்து டேக்கை அளங்கள். உண்மையாகவே, வேறு எதையும் தொடுவதற்கு முன்.

ஒருமுறை இரண்டு மாலை முழுக்க காலிப்ரேஷனை (கேமராவின் குவியத்தூரத்தையும் லென்ஸ் வளைவையும் கண்டுபிடிக்கும் வேலையை)த் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். 2 மீட்டரில் வைத்த டேக் 2.09 என்றே வந்தது, 1 மீட்டரில் 1.045. கடைசியில் ஒரு இரும்பு ஸ்கேலை டேக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். கறுப்புச் சதுரம் 165 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 158தான் இருந்தது. அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வு இயக்கத்தில் இருந்திருக்கிறது. டேக் சிறியது, நிரலோ பெரியது என்று நம்புகிறது, ஆகவே தள்ளி இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. 165ஐ 158ஆல் வகுத்தால் 1.044. கேமராவின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அளவை எங்கிருந்து எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வழக்கமாகப் பயன்படும் 36எச்11 வகை டேக்கில் அளவு என்பது கறுப்புச் சதுரத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை. சுற்றியுள்ள வெள்ளைப் பட்டை கணக்கில் சேராது. பழைய நிரலை அப்படியே எடுத்து ஓட்டுபவர்களும் கவனிக்க வேண்டும்: ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் என்ற மாணவர் ரோபோ போட்டியில் 2023இல் டேக் 6 அங்குலம், 2024இல் 6.5 அங்குலம். பழைய 6ஐ விட்டுவைத்தால் 2 மீட்டர் தூரம் 1.85 மீட்டராகத் தெரியும்.

தாள் நெளிந்திருந்தாலும் அளவு கெடும். கெட்டியான பலகையில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் மூலை காணாமல் போய்விடும்.

டேக் அளவு சரி. இன்னும் சதவீதக் கணக்கில் தவறு வருகிறது.

காலிப்ரேஷன் செய்த ரெசல்யூஷனும் இப்போது ஓடுகிற ரெசல்யூஷனும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு கேமராவில் தூரம் என்பது கடைசியில் இந்த எளிய கணக்குதான்:

தூரம் = குவியத்தூரம் × பொருளின் உண்மை அகலம் ÷ படத்தில் அகலம்

இதில் குவியத்தூரம் பிக்சலில் இருக்கிறது. 1280க்கு 720இல் எடுத்த எண்ணை 640க்கு 360இல் ஓடும் படத்துக்குக் கொடுத்தால் தூரம் இரட்டிப்பாகும். இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும். ஆபத்தானது 640க்கு 480க்கு மாறுவது. சில கேமராக்கள் அப்போது முழுப் படத்தைச் சுருக்குவதில்லை, ஓரங்களை வெட்டிவிடுகின்றன, சில இரண்டையும் கலந்து செய்கின்றன. வெறும் விகிதக் கணக்கு அங்கே உதவாது. ஓடப்போகிற ரெசல்யூஷனிலேயே காலிப்ரேஷன் செய்வதுதான் நிம்மதி. பட நிலைப்படுத்தல் என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், அதுவும் ஓரத்தை வெட்டும்.

ஆட்டோஃபோகஸ் பரவாயில்லையா?

கூடாது. ஃபோகஸ் நகரும்போது லென்ஸ் நகர்கிறது, லென்ஸ் நகர்ந்தால் குவியத்தூரமும் மாறுகிறது. ஒரு இடத்தில் பூட்டிவிட்டு, பூட்டிய பிறகு காலிப்ரேஷன் செய்யுங்கள். ஜூம் இருந்தால் அதற்கும் இதே விதிதான்.

நல்ல காலிப்ரேஷன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று பலரும் ஓப்பன்சிவி என்ற படக் கணிப்பு நிரல் தொகுப்பில் செய்யும் சதுரங்கக் கட்ட முறைக்கு அடித்தளம் செங்யூ சாங் 2000இல் வெளியிட்ட ஆய்வு. தட்டையான ஒரு கட்டத்தைப் பல கோணங்களில் காட்டினாலே போதும் என்பதுதான் அதன் அழகு. அந்தப் 'பல கோணங்களில்' என்பதைத்தான் நாம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

பலகையை எப்போதும் கேமராவுக்கு நேராகவே பிடித்து 30 படம் எடுத்தால், மறுபடப்பிழை (கணக்கு சொல்லும் புள்ளிக்கும் படத்தில் தெரியும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்) 0.2 பிக்சல் என்று அழகான எண் வரும். ஆனால் குவியத்தூரம் தப்பாக இருக்கலாம். ஏனென்றால் நேராகப் பார்க்கும்போது 'கிட்டே இருக்கும் பலகை, சிறிய குவியத்தூரம்' என்பதும் 'தள்ளி இருக்கும் பலகை, பெரிய குவியத்தூரம்' என்பதும் ஒரே படத்தைத்தான் தரும். பலகையைச் சாய்த்தால்தான் இரண்டும் பிரியும். 30, 40 பாகை வரை இடமும் வலமும் மேலும் கீழும் சாய்த்துப் பிடியுங்கள். படத்தின் நான்கு மூலைகளுக்கும் பலகையைக் கொண்டுபோங்கள், லென்ஸ் வளைவு அங்கேதான் இருக்கிறது. கை நடுங்கினால் படம் மங்கும், பலகையை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு எடுங்கள்.

பலரும் குழம்பும் இடம் இன்னொன்று. கட்டத்தின் சதுர அளவைத் தப்பாகக் கொடுத்தால் ஒற்றைக் கேமராவின் குவியத்தூரம் கெடாது. ஸ்டீரியோவில் கெடுதல் உண்டு: இரு லென்ஸுக்கும் இடையிலான தூரம் அதே விகிதத்தில் தப்பாகிவிடும். அதனால் ஸ்டீரியோ காலிப்ரேஷன் முடிந்ததும் அந்த எண்ணை வெளியே அச்சிட்டு, ஸ்கேலால் லென்ஸுகளுக்கு இடையே அளந்து ஒப்பிடுங்கள். கேமராவில் 60 மி.மீ. இருக்க, நிரல் 63 என்று சொன்னால் சதுர அளவு 5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கேமராவின் சாய்வுக் கோணத்தையும் இலக்கின் உயரத்தையும் வைத்துக் கணக்கிடுகிறேன். தூரத்தில் மட்டும் தப்புகிறது.

உயர வித்தியாசத்தை, கேமராவின் சாய்வும் படத்தில் இலக்கு தெரியும் கோணமும் கூடிய மொத்தத்தின் டேன் மதிப்பால் வகுக்கும் முறை இது. எளிமையானது, வேகமானது, ஒரு கேமரா போதும். ஆனால் கோணத்தை ஈவிரக்கமில்லாமல் நம்புகிற முறை.

இலக்கு கேமராவைவிட 1 மீட்டர் உயரத்தில், 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மொத்தக் கோணம் 18.4 பாகை. சாய்வை ஒரு பாகை கூட்டிச் சொல்லிவிட்டால் 2.83 மீட்டர் வரும், குறைத்துச் சொன்னால் 3.18. சமாளிக்கலாம். அதே 3 மீட்டரில் உயர வித்தியாசம் வெறும் 20 செ.மீ. என்றால் கோணம் 3.8 பாகைதான். இப்போது அதே ஒரு பாகைத் தவறுக்கு விடை 2.37 அல்லது 4.07! நிரலை எவ்வளவு மெருகேற்றினாலும் இது தீராது. கேமராவைக் கீழே இறக்கி உயர வித்தியாசத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் வேறு முறைக்குப் போங்கள்.

கோணத்தைக் கோணமானியால் அளப்பதைவிட நல்ல வழி உண்டு. டேப் சொல்லும் உண்மைத் தூரத்திலிருந்து, ஒவ்வொரு இடத்திலும் சாய்வு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 1, 2, 3, 4 மீட்டர் எல்லாம் ஒரே கோணத்தைச் சொன்னால் அதுதான் உங்கள் கேமராவின் உண்மையான சாய்வு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் சாய்வில் பிழை இல்லை. உயரத்தையோ குவியத்தூரத்தையோ மறுபடி அளக்க வேண்டும். தரையையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ரோபோவின் ஒரு டயரில் காற்று குறைந்திருந்தாலே அரை பாகை போய்விடும்.

விடை பொருளே இல்லாத எண்ணாகவோ, எதிர்மறையாகவோ வந்தால், டேன் சார்புக்குப் பாகையைக் கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலான நிரல்மொழிகளில் அது ரேடியனைத்தான் எதிர்பார்க்கும்.

ஸ்டீரியோ கேமரா 1 மீட்டரில் கச்சிதம், 4 மீட்டரில் கால் மீட்டர் தப்புகிறது. பழுதா?

பழுதாக இல்லாமலும் இருக்கலாம். குவியத்தூரம் 600 பிக்சல், லென்ஸுகளுக்கு இடையே 6 செ.மீ. என்று கொள்வோம். ஒரு பொருள் இடப் படத்துக்கும் வலப் படத்துக்கும் இடையே எத்தனை பிக்சல் நகர்ந்து தெரிகிறது என்பதுதான் ஸ்டீரியோவுக்கு எல்லாம். 1 மீட்டரில் 36 பிக்சல், 2 மீட்டரில் 18, 4 மீட்டரில் வெறும் 9. பொருத்தத்தில் அரை பிக்சல் பிசகினால் 1 மீட்டரில் ஒன்றரை செ.மீ.கூடத் தவறாது. 4 மீட்டரில் 24 செ.மீ. தவறும். தூரம் நான்கு மடங்கு, தவறு ஏறக்குறைய பதினாறு மடங்கு. இது அந்த முறையின் இயல்பு. லென்ஸ் இடைவெளி அகலமான கேமராவோ, கூடுதல் ரெசல்யூஷனோதான் இதைக் குறைக்கும்.

இயல்பான தவறு இரு பக்கமும் ஆடும். எப்போதும் ஒரே பக்கம் கூடுதலாகவே காட்டினால் அது வேறு நோய்: கேமரா விழுந்தோ, வெப்பத்திலோ, இரு லென்ஸுகளின் ஒழுங்கு கலைந்திருக்கிறது. பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 1ஐக் கேமரா தூரத்தால் வகுங்கள், 1ஐ உண்மைத் தூரத்தால் வகுங்கள், இரண்டையும் கழியுங்கள். 1 மீட்டர் 1.03 ஆகவும், 2 மீட்டர் 2.12 ஆகவும், 4 மீட்டர் 4.5 ஆகவும் வந்தால், பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தவறுகள். கழித்துப் பார்த்தால் மூன்றிலும் ஏறத்தாழ 0.028 தான் வரும். எங்கும் ஒரே ஒரு பிக்சல் நிரந்தரமாக நழுவியிருக்கிறது என்று பொருள். மறு காலிப்ரேஷன் செய்தால் தீரும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஸ்டீரியோ கேமராக்களைத் தேவையில்லாமல் மாற்றுவதையே நிறுத்திவிட்டேன்.

மிகக் கிட்டத்தில் ஸ்டீரியோ ஏன் கண்டபடி காட்டுகிறது?

நிரல் தேடும் நகர்வுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. மேலே சொன்ன கேமராவில் அது 64 பிக்சல் என்றால் 56 செ.மீ.க்கு உள்ளே எதுவும் தெரியாது. 128 ஆக்கினால் 28 செ.மீ. வரை வரும், கணிப்பு நேரம் கூடும்.

வெள்ளைச் சுவரிலும் இதே மாதிரி தடுமாறும், அங்கே பொருத்துவதற்குப் புள்ளியே இல்லை. வரிசையான ஓடு, கம்பி வலை போன்றவை இன்னும் மோசம், பக்கத்துக் கம்பியோடு பொருத்திவிட்டுத் துணிந்து தப்பான தூரத்தைச் சொல்லும்.

அகச்சிவப்பு டெப்த் கேமரா சில பொருள்களில் மட்டும் தப்புகிறதே?

தன் ஒளியைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கும் கேமரா அது. ஒளி ஒழுங்காகத் திரும்பாவிட்டால் அளவும் ஒழுங்காக வராது. கறுப்பு ரப்பர், கறுப்புத் துணி ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடிக் கதவு வழியே அது பின்னால் உள்ளதைப் பார்க்கும். நிலைக்கண்ணாடியில், பிரதிபலித்த பொருளின் மொத்தப் பாதையைத் தூரமாகச் சொல்லும். கண்ணாடி இருக்கும் இடத்தில் ஓடும் ரோபோவுக்கு அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று கூட இருந்தே ஆக வேண்டும். ஒலிக்குக் கண்ணாடியும் சுவர்தான்.

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் வகைக்கு இரண்டு தனிக் கோளாறுகள். அறை மூலையில் ஒளி ஒரு சுவரில் பட்டு இன்னொன்றில் தெறித்து நீண்ட வழியில் திரும்பும், கூர்மையான மூலை வட்டமாக, தள்ளித் தெரியும். இரண்டாவது, அலை சுற்றிக்கொள்வது. 20 மெகாஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசையில் வேலை செய்யும் கேமராவுக்கு 7.5 மீட்டர்தான் ஒரு சுற்று, அதைத் தாண்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 8.5 மீட்டரில் இருப்பது 1 மீட்டரில் இருப்பதாகத் தெரியலாம். காலியான கூடத்தில் ரோபோ திடீரென்று பிரேக் போட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் எல்லா அகச்சிவப்புக் கேமராவும் திணறும். 850 நானோமீட்டரைவிட 940இல் வேலை செய்பவை கொஞ்சம் தாங்கும், காற்றிலுள்ள நீராவி அந்த நிறச் சூரிய ஒளியை ஓரளவு உறிஞ்சிவிடுவதால்.

எண் ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கிறது. சராசரி எடுக்கலாமா?

எதைச் சராசரி எடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். டெப்த் படத்தில் 0 என்றால் 'தூரம் பூஜ்யம்' அல்ல, 'தெரியவில்லை' என்று பொருள். ஒரு சதுரத்தில் நான்கில் ஒரு பங்கு பிக்சல் 0 ஆக இருந்தால், 2 மீட்டர் சுவர் சராசரியில் 1.5 மீட்டராகிவிடும். பூஜ்யங்களை விலக்குங்கள், பிறகு சராசரிக்குப் பதில் நடு மதிப்பை எடுங்கள். பொருளின் விளிம்பில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் படும் பிக்சல்கள் அந்தரத்தில் ஒரு தூரத்தைச் சொல்லும், நடு மதிப்பு அவற்றைச் சட்டை செய்யாது. மில்லிமீட்டரில் வரும் முழு எண்ணை மீட்டர் என்று படித்துவிடும் தவறும் இங்கேதான் நடக்கும்.

டேக்கை நேர் எதிரே பார்க்கும்போது இலக்கின் கோணம் இரண்டு விடைகளுக்கு நடுவே தாவினால், அது தட்டையான இலக்கின் இயல்பு. சற்றுச் சாய்வாகப் பார்க்கும்படி கேமராவை வையுங்கள், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு டேக்குகளைப் பயன்படுத்துங்கள்.

நிறத்தை வைத்துப் பந்தைக் கண்டுபிடிக்கிறேன். மாலையில் தூரம் கூடுகிறது.

நிழல் விழுந்த அடிப்பாகம் நிற எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. பந்து சிறுத்துத் தெரிகிறது, ஆகவே தள்ளிப் போனதாகக் கணக்கு. தானியங்கி எக்ஸ்போஷரையும் வெண்சமநிலையையும் பூட்டுங்கள். உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் அளப்பதும் உதவும், நிழல் பெரும்பாலும் கீழேதான் தின்கிறது.

நிற்கும்போது சரி, ஓடும்போது தப்பு.

படம் எடுத்து, கணித்து, எண் உங்கள் கைக்கு வர 100 மில்லிவினாடி ஆகிறது என்றால், வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ அதற்குள் 20 செ.மீ. போய்விட்டது. சோதிப்பது எளிது. இலக்கை நோக்கி ஓட்டுங்கள், பிறகு அதே வேகத்தில் பின்னோக்கி ஓட்டுங்கள். முன்னே போகையில் கூடுதலாகவும் பின்னே வருகையில் குறைவாகவும் காட்டினால் தாமதம்தான். படம் எடுத்த நேரத்தை எண்ணோடு சேர்த்தே அனுப்பி, அந்த நேரத்தில் ரோபோ இருந்த இடத்தோடு பொருத்துங்கள். திருப்பங்களில் மட்டும் கெட்டால் எக்ஸ்போஷர் நேரத்தைக் குறைத்து விளக்கைக் கூட்டுங்கள். ரோலிங் ஷட்டர் கேமரா வரிவரியாகப் படம் எடுப்பதால் சுழலும்போது சதுரம் சரிந்து தெரியும், முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டரில் அந்தச் சரிவு வராது.

நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை. நிரலில் எதையும் மாற்றவில்லை.

கேமராவைத் தாங்கும் பிடியைப் பாருங்கள். ரோபோவை 3 மீட்டரில் நிறுத்தி, விரல் நுனியால் கேமராவின் மேல் விளிம்பை லேசாக அழுத்திக்கொண்டே திரையைக் கவனியுங்கள். 3.0 என்று நின்ற எண் 3.3க்கு ஓடி, விரலை எடுத்ததும் 3.1இல் வந்து நின்றால், திருகு தளர்ந்திருக்கிறது. திரும்பி வராத அந்த 10 செ.மீ.தான் சாட்சி. முறுக்கிவிட்டு, கேமராவின் பிடியும் ரோபோவின் சட்டமும் சேரும் இடத்தில் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் தூரம் அளக்காமலே தெரிந்துவிடும்.

கேமரா சூடாவதற்கு முன்பும் பின்பும் எண் நகரக்கூடும். ஓடத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். லென்ஸில் கைரேகை இருக்கிறதா என்றும்.

திருத்த அட்டவணை போட்டு ஒப்பேற்றலாமா?

காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகு எஞ்சும் சில செ.மீ.க்குப் போடலாம், தப்பில்லை. காரணம் தெரியாமல் போட்டால், திருகு தளர்ந்த கேமராவுக்கு ஏற்ற அட்டவணையை உருவாக்குகிறீர்கள். யாராவது திருகை முறுக்கிய அன்று ரோபோ சுவரில் மோதும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. போடுவதானால் அட்டவணையின் தலைப்பில் தேதி, ரெசல்யூஷன், கேமராவின் உயரம், சாய்வு நான்கையும் எழுதுங்கள். தேதியைத் தவிர மற்ற மூன்றில் ஒன்று மாறினாலும் அட்டவணையை அழித்துவிட்டு, மறுபடி டேப்பை விரியுங்கள்.

தண்ணீருக்கு அடியில் ஓடும் ரோபோவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் காற்றில் செய்த காலிப்ரேஷன் அங்கே செல்லாது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் ஏறத்தாழ முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். கட்டப் பலகையையும் கேமராவையும் நீருக்குள் இறக்கி, அங்கேயே காலிப்ரேஷன் செய்யுங்கள். பலகை காகிதமாக இருக்கக் கூடாது.